பன்னிரண்டாம் பாடத்து விவசாயி

ஜெர்மன் பாடப்புத்தகத்தில் விவசாயி பன்னிரண்டாம் பாடத்தில்தான் வருகிறார். உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி இரண்டாம் பாடத்திலேயே வந்துவிட்டது.

முத்தமிழ்செல்வன் வேப்பந்தட்டையிலிருந்து காற்றாலை பற்றிப் படிக்கப் போனவன். வட ஜெர்மனியில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். காற்றாலைப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. அதனால் முதல் மூன்று மாதம் அவன் ஜெர்மன் மொழியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் வேண்டியதை எடுத்து, தானே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரத்தில் காட்டிவிட்டு வந்துவிடுவான். அந்தக் கடையில் சின்ன வெங்காயம் ஒரு வலைப்பைக்கு ஆறு என்று, மாத்திரை மாதிரி விற்றார்கள். ஆறையும் ஒரே சாம்பாரில் போட்டுவிட்டு, காலிப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூன்றாம் பருவத்தில் சேர ஜெர்மன் மொழிச் சான்றிதழ் வேண்டும் என்பது விதி. சேராவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆகவே செவ்வாய், வியாழன் மாலைகளில் ஹெல்கா டீச்சரின் வகுப்புக்குப் போனான்.

இரண்டாம் பாடத்தில் எட்டுத் தொழில்கள் படமாக இருந்தன. டாக்டர், போலீஸ், முடி வெட்டுகிறவர், தீயணைப்பு வீரர், நர்ஸ், ஆசிரியர், சமையல்காரர், ரொட்டி சுடுகிறவர். முதல் ஏழின் ஜெர்மன் பெயர்களும் அவன் வாயில் நுழையவில்லை. எட்டாவது, ஜெர்மனிலும் பேக்கர்தான்.

"என் அப்பா பேக்கர்" என்றான்.

ஹெல்கா டீச்சர் முதல்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தார். வேப்பந்தட்டையில் அப்போது அவனுடைய அப்பா தர்மராஜ், மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பாடம் வீடு. மலை, கடல், காடு, நகரம் என்று நான்கு படங்கள். வீட்டு மாடியில் நின்றால் பச்சைமலை தெரியும். மலை என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் நேபாளத்துப் பெண் மலையை எடுத்துக்கொண்டாள். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுக்கக் கூடாது. காடு பிரேசிலுக்கும் நகரம் எகிப்துக்கும் போயின. கடல் மிச்சமிருந்தது. என் வீடு கடலோரத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலில் நீந்துகிறேன் என்று சொன்னான். நான்காம் பாடத்தில் தங்கை பூவிழி பியானோ வாசித்தாள். அவள் பெரம்பலூரில் குரூப் ஃபோர் பரீட்சைக்குக் கோச்சிங் போய்க்கொண்டிருந்தாள். பாடத்தில் பியானோ இருந்தது. குரூப் ஃபோர் இல்லை.

சொன்னதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். கோப்பின் பெயர் 'என் வாழ்க்கை'. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மேலே எழுதியது உண்மை' என்று அச்சிட்டிருக்கும். அதன்கீழ் கையெழுத்து. கோப்பில் ஒரு பொய் இருந்தாலும் முதல் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் பாடம் வந்தபோது கோப்பு நாற்பது பக்கம் ஆகியிருந்தது. அதில் தர்மராஜ் தினமும் இருநூறு ரொட்டி சுட்டிருந்தார். பூவிழி ஒரு கச்சேரி முடித்திருந்தாள். அந்தப் பாடத்தின் முதல் படத்தில் ஒரு மனிதர் மண்வெட்டியோடு நின்றார். கீழே சோளம், வெங்காயம், வரப்பு, வாய்க்கால் என்று வரிசையாக வார்த்தைகள். முத்தமிழ்செல்வன் அன்று அறைக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினான். திரீ பேஸ் கரண்டு வரும் நேரத்துக்கு எழுந்து போய் மோட்டார் போடுகிற, வெங்காயப் பாத்தியில் கால் படாமல் நடக்கிற, மழை வருமா என்று யாரிடமும் கேட்காத ஒருவரைப் பற்றி எழுதினான். அப்பா ஏற்கெனவே பேக்கர் ஆகிவிட்டபடியால், தலைப்பை 'என் பக்கத்து வீட்டுக்காரர்' என்று வைத்தான்.

ஹெல்கா டீச்சர் அதற்கு ஒன்று என்று மார்க் போட்டார். மூன்று நாள் துக்கத்தில் இருந்தான். அந்த ஊரில் ஒன்றுதான் முதல் தரம் என்று நான்காம் நாள் நேபாளத்துப் பெண் சொன்னாள்.

ஜனவரியில் டீச்சர் அறிவித்தார். ஒவ்வொரு வருடமும் விடுமுறையில் ஒரு மாணவரின் ஊருக்குப் போய்க் கோப்பைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். போன வருடம் வியட்நாமில் ஒரு பெண்ணுக்குத் தாத்தா இல்லை என்று கண்டுபிடித்து, முதல் பாடத்துக்குத் திருப்பியிருந்தார். இந்த வருடம் வேப்பந்தட்டை.

அன்றே வீட்டுக்குப் போன் செய்தான்.

"அப்பா, நீங்க பேக்கரிங்கப்பா."

"என்னடா சொல்றே."

முழுவதையும் சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அம்மா பூங்காவனம் நடுவில் ஒருமுறை, "கடலா?" என்று மட்டும் கேட்டாள்.

"தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிடட்டுமாப்பா?"

தர்மராஜ் யோசித்தார். அவர் பிறந்தது ஒரு மாசி மாதம். பள்ளியில் சேர்த்த ஹெட்மாஸ்டர், எல்லாப் பையன்களுக்கும் போல அவருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதி, வயது போதாததால் இரண்டு வருடம் சேர்த்துவிட்டார். அதை மாற்றத் தர்மராஜ் பதினோரு தடவை அலைந்திருக்கிறார். பன்னிரண்டாம் தடவை பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வயது கூட்டியே வாழ்ந்து வந்தார்.

"சொல்லாத. எழுதினது எழுதினதுதான். பேப்பரை மாத்த முடியாதுடா. நாம மாறிக்கிடறது சுலபம். எனக்கு ரெண்டு வருசம் கூடப் போட்டானுவ. நான் மாறிக்கிடலையா? முட்டி வலிகூட ரெண்டு வருசம் முன்னாடியே வந்துட்டுது."

"எத்தனை ரொட்டி எழுதியிருக்கே?" என்று பூவிழி கேட்டாள்.

"இருநூறு."

"அறிவிருக்கா? ஊர்ல காய்ச்சல்காரன்தான் ரொட்டி திங்கிறான். இருநூறு பேருக்குக் காய்ச்சல் வரணும்."

வேப்பந்தட்டை மெயின் ரோட்டில் பேக்கரி வைத்திருப்பவர் ராஜவேல். பூங்காவனத்தின் தம்பி. அங்கே எதுவும் சுடுவதில்லை. பன்னும் பிரெட்டும் பெரம்பலூரிலிருந்து காலையில் வேனில் வரும். டீ போடுவார்கள். பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் பப்ஸ் சூடாக இருக்கும். மூன்று நாளைக்குக் கடையைக் கேட்டுத் தர்மராஜ் போய் நின்றார்.

"எடுத்துக்குங்க மச்சான். பன்னை மட்டும் வர்றவன் போறவனுக்கெல்லாம் எடுத்து நீட்டிடாதீங்க" என்றார் ராஜவேல். "அப்ப மூணு நாளைக்கு நான் என்ன பண்றது?"

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரனா நீ இரு மாப்ள."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"வயல்ல நிக்கணும்."

"நின்னுட்டாப் போவுது" என்றார் ராஜவேல். அவர் வயலில் நின்று இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஹெல்கா டீச்சர் முத்தமிழ்செல்வனோடு வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். உயரம். கையில் கோப்பு. பெரம்பலூரில் லாட்ஜில் தங்கிக்கொண்டார். முதல் நாள் காலை நேராகப் பேக்கரிக்கு வந்தார்.

தர்மராஜ் வெள்ளை ஏப்ரனில் நின்றார். அவருக்குப் பின்னால், வேனில் வந்திருந்த இருநூறு பிரெட் பாக்கெட்டுகளின் உறைகளையெல்லாம் பிரித்து அடுக்கி வைத்திருந்தாள் பூவிழி. அவள் இரண்டு கைகளிலும் விரல் நுனி வரை பேண்டேஜ்.

"அடுப்பு எங்கே?" என்று டீச்சர் கேட்டார். முத்தமிழ்செல்வன் தமிழில் சொன்னான்.

தர்மராஜ் பப்ஸ் பெட்டியைத் திறந்து ஒரு ரொட்டியை உள்ளே வைத்தார். பல்பைப் பார்த்தார். எடுத்து நீட்டினார்.

"எங்கள் நாட்டில் நாற்பது நிமிடம் ஆகும்" என்றார் டீச்சர்.

"பாதி வேலையை வெயிலே பாத்துடுதுங்க" என்றார் தர்மராஜ். பிறகு மகனிடம், அதே முகத்தோடு, "தெற்கு மூலையில மோட்டார் ஒயரை எலி கடிச்சிருக்கு, ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

"என்ன சொல்கிறார்?"

"ரொட்டி சுடுவது பொறுமையான வேலை என்கிறார்."

டீச்சர் ரொட்டியைக் கடித்து, வெகுநேரம் மென்று, கோப்பில் ஒரு டிக் போட்டார். பிறகு பூவிழியின் கைகளைப் பார்த்தார். அளவுக்கு மீறிய பயிற்சி என்று முத்தமிழ்செல்வன் விளக்கினான். பியானோ எங்கே என்று டீச்சர் கேட்கவில்லை. கண்கலங்கிப்போய் இன்னொரு டிக் போட்டார். மதியம் சாப்பாட்டின்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பூனால் பூவிழிக்குத் தானே சோறு ஊட்டினார். பூவிழி பதினெட்டு வாய் வாங்கினாள்.

"கையிலதான் கட்டு. வயிறு நல்லாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்சம் வாங்கிக்க" என்று அம்மா சொன்னாள்.

இரண்டாம் நாள் கடல். அதைப் பூவிழி ஏற்றுக்கொண்டிருந்தாள். ராஜவேலின் ஆம்னி வேனில் அரியலூர்ப் பக்கம் போனார்கள். லாரிகள் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் சாலையில் திரும்பி, கைவிடப்பட்ட ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தினார்கள். வெள்ளைக் கல்சுவர்கள். அடியில் பச்சையாக மழைத் தண்ணீர். சுவரெல்லாம் கல்லாகிப்போன சிப்பிகள், நத்தைகள். டீச்சர் குனிந்து ஒன்றை எடுத்தார். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். சிப்பி அவருக்குத் தெரியும்.

"கடல் எங்கே?"

"இதாங்க. கொஞ்சம் உள்வாங்கிட்டுது" என்றாள் பூவிழி.

"எவ்வளவு தூரம்?"

முத்தமிழ்செல்வன் தங்கையைப் பார்த்தான். "கிழக்கே நூறு கிலோமீட்டர். பத்துக் கோடி வருசம் ஆவுது. குரூப் ஃபோர்ல கேட்டிருக்கான், நூத்துக்கு நூறு சரியான விடை. தைரியமாச் சொல்லு" என்றாள்.

அவன் தூரத்தைச் சொன்னான். வருடத்தைச் சொல்லவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை நீந்துவாயே" என்றார் டீச்சர். "இன்றைக்கு ஞாயிறு."

கிணற்றில் நீந்திப் பழகியவன். சட்டையைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கித் தண்ணீரில் விழுந்தான். ஒரு கரையிலிருந்து மறுகரை வரை போய் வந்தான். விளிம்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கண்ணையன் என்பவர். அவர் வேனருகே வந்து, "என்னங்க, யாரையாச்சும் தேடுறீங்களா?" என்று கேட்டார்.

"கடலைக் காட்டுறோம்" என்றார் தர்மராஜ்.

கண்ணையன் பள்ளத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். "ஆழம் சாஸ்திங்க, பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆடுகளிடம் போனார்.

டீச்சர் இறங்கி வந்து, தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு இல்லை."

தர்மராஜ் மகன் சொல்வதற்கே காத்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சிட்டுதுங்க" என்றார், மிகவும் வருத்தத்தோடு. அந்த வருத்தம் உண்மை. டீச்சர் அவர் தோளைத் தொட்டார். பிறகு டிக் போட்டார்.

மிச்சமிருந்தது பக்கத்து வீட்டுக்காரர். டீச்சருக்கு அந்த நான்கு பக்கமும் மனப்பாடம். மூன்றாம் நாள் காலை வயலுக்குப் போகும்போதே, "இந்த மனிதரைப் பார்க்கத்தான் நான் முக்கியமாக வந்தேன்" என்றார்.

ராஜவேல் மண்வெட்டியோடு நின்றார். தலையில் புதுத் துண்டு, விலைச்சீட்டு எடுக்காதது. வயலின் ஒரு பக்கம் கடலைச் செடி தண்ணீருக்குக் காத்திருந்தது. மறுபக்கம், முந்தின வாரம் பிடுங்கித் தாள் அறுத்த வெங்காயம், விதைக்கென்று வரப்போரம் நீளமாகக் குவிந்து காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் இரண்டே நாளில் அழுகிவிடும். தர்மராஜ் ஏப்ரனோடு வேப்பமரத்தடியில் நின்றார். பேக்கர் வயலில் இறங்கக் கூடாது என்று பூவிழி சொல்லி வைத்திருந்தாள்.

"காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?" என்று டீச்சர் கேட்டார்.

ராஜவேல் தமிழில் பதில் சொல்லாமல் விரல்களை விரித்துக் காட்டினார். ஏழு விரல். கடைக்கு அவர் எழும் நேரம் அது. விரலை மொழிபெயர்க்க முத்தமிழ்செல்வனால் முடியவில்லை. கோப்பில் நான்கு மணி என்று இருந்தது. டீச்சர் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

"தண்ணீர் பாய்ச்சிக் காட்டச் சொல்."

ராஜவேல் மோட்டார் பெட்டியில் முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பச்சை. தண்ணீர் வாய்க்காலில் வந்தது. மண்வெட்டியைத் தோளுக்கு மேல் தூக்கி, விறகு வெட்டுவதுபோல் போட்டு, மடையை வெட்டினார். வெங்காயத்துப் பக்கம் வெட்டினார்.

"மாப்ள" என்று மரத்தடியிலிருந்து ஒரு சத்தம். மெதுவான சத்தம்தான்.

"என்ன மச்சான், தண்ணி வருது பாருங்க" என்றார் ராஜவேல், பெருமையாக.

தண்ணீர் குவியலுக்கு நான்கு முழம் தள்ளி இருந்தது. பிறகு இரண்டு முழம். முத்தமிழ்செல்வன் அப்பாவைப் பார்த்தான். அவர் ஏப்ரனின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் விரல்கள் மட்டும் மண்ணைப் பற்றிப் பற்றி விட்டன. அப்புறம் அவர் அங்கே இல்லை. வாய்க்காலில் மண்டியிட்டிருந்தார். இரண்டு கையாலும் சேற்றை வழித்து உருட்டி, அப்பி, முழங்கையால் அழுத்தி, உடைப்பை அடைத்தார். ராஜவேலின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி, எதிர்ப்பக்கம் ஒரே வெட்டு. தண்ணீர் யோசிக்காமல் திரும்பிக் கடலைக்குப் போனது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏப்ரன் முழுக்கச் சேறு.

டீச்சர் வரப்பில் நடந்து வந்து, தர்மராஜ் அப்பிய மண்ணைக் குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். முத்தமிழ்செல்வன் முதல் பாடத்தை நினைத்துக்கொண்டான். அதில் 'வணக்கம்', 'என் பெயர்' எல்லாம் இருக்கும்.

"மாவு பிசைகிற கை" என்றார் டீச்சர். "இப்படி உருட்ட ஒரு பேக்கரால்தான் முடியும். என் தாத்தாவும் பேக்கர்." பிறகு ராஜவேலின் கையை வாங்கிப் பார்த்தார். மிருதுவாக இருந்தது. கொஞ்சம் வெண்ணெய் வாசனை அடித்தது. "இவர் விவசாயி இல்லை. உன் பக்கத்து வீட்டுக்காரர் கற்பனை. அந்த நான்கு பக்கமும் பொய்."

முத்தமிழ்செல்வன் வாயைத் திறந்தான். சோளம், வெங்காயம், வரப்பு, வாய்க்கால். எல்லா வார்த்தைகளும் இப்போது அவனிடம் இருந்தன. அந்த நான்கு பக்கம் மட்டும்தான் உண்மை என்று ஜெர்மன் மொழியில் பிழையில்லாமல் சொல்ல முடியும். அப்பாவைப் பார்த்தான். தர்மராஜ் தலையை இடமும் வலமுமாக ஒருமுறை ஆட்டினார்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"ஒரு பொய் இருந்தால் முதல் பாடம்" என்றார் டீச்சர். கோப்பைப் புரட்டினார். பேக்கர், பியானோ, கடல். எல்லாப் பக்கத்திலும் டிக். "ஆனால் மற்றதெல்லாம் இவ்வளவு உண்மையாக இருக்கும்போது எனக்கு மனம் வரவில்லை. இந்த நான்கு பக்கத்தை மட்டும் அடித்துவிடுகிறேன்."

வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு போட்டார். ஒன்று என்ற மார்க்கையும் அடித்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை டீச்சரைத் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டு வந்தார்கள். முத்தமிழ்செல்வன் கிளம்ப இரண்டு நாள் இருந்தது.

"என்ன போட்டாங்க?" என்று தர்மராஜ் கேட்டார்.

"பாஸ் பண்ணிடுவேன்ப்பா. மார்க்குதான் கொஞ்சம் கம்மி."

"அந்த வெவசாயி?"

"அவரை அடிச்சுட்டாங்க. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு எழுதிட்டாங்க."

"பேப்பர்லயா?"

"ஆமாங்கப்பா."

தர்மராஜ் முற்றத்துக் கொடியில் காய்ந்த ஏப்ரனைத் திருப்பிப் போட்டார். "அப்ப சரி" என்றார்.

மறுநாள் காலை கரண்டு வந்தது. தர்மராஜ் எழுந்திருக்கவில்லை. பூங்காவனம் போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தாள். ஏழு மணிக்கு அவர் குளித்து, துவைத்துக் காய்ந்த ஏப்ரனை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்.

"மாமா, அப்பாவைத் திருப்பி அனுப்புங்க" என்று முத்தமிழ்செல்வன் ராஜவேலுக்குப் போன் செய்தான்.

"நான் சொல்லாமலா? வூட்டுக்குப் போங்க மச்சான்னேன். பேப்பர்ல நான் இங்கதான் இருக்கேங்கறாரு" என்றார் ராஜவேல். "ஒண்ணு சொல்றேன் மாப்ள, பன்னை எண்ணி அடுக்கறதுல ஆளு கெட்டிக்காரரு. நாத்து வரிசை மாதிரி அடுக்கி வச்சிருக்காரு."

ஏப்ரலில் மூன்றாம் பருவம். சான்றிதழை நீட்டிச் சேர்ந்துவிட்டான். வேறொரு டீச்சர், அடுத்த நிலை, புதுப் புத்தகம். முதல் வகுப்பிலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் கேள்வி அப்பாவின் தொழில். பக்கத்தில் படங்கள் இல்லை, தெரிந்த எந்த வார்த்தையையும் எழுதலாம். கீழே 'மேலே எழுதியது உண்மை' என்று அச்சிட்டிருந்தது.

வகுப்புக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தான்.

"அப்பா வயலுக்குப் போனாராம்மா?"

"எங்க போறாரு. கடையிலதான் இருக்காரு. நேத்திக்கி எதோ மாவு வாங்கியாந்து கேக்கு போடப் போறேன்னு நிக்கறாரு. ஒங்க மாமன் சண்டை புடிக்கறான்."

"வெங்காயத்தை யாரு பாக்கறது?"

"இத்தனை வருசமா யாரு பாத்தா?" என்றாள் பூங்காவனம். "வெங்காயத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை."

அவன் உள்ளே போய்க் கேள்விக்குப் பக்கத்தில் பேக்கர் என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். பிறகு படிவத்தில் இரண்டாவது கேள்வியைப் பார்த்தான். அம்மாவின் தொழில் என்று இருந்தது. பையிலிருந்த பழைய புத்தகத்தை எடுத்துப் பன்னிரண்டாம் பாடத்துக்குப் போய், எழுத்துக் கூட்டிச் சரிபார்த்துவிட்டு, எழுத ஆரம்பித்தான்.